இரண்டு வீட்டுச் சூடும் நடுவில் நானும்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஆண்கள் நால்வரும் நிந்தவூரிலும் பொத்துவிலிலும் பெண்சாதிமாரின் வீடுகளில் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகையால் பெண்கள் இருவரும் சாய்ந்தமருதில் என்னோடுதான். வீட்டு வளவை இரண்டாக்கி, நடுவில் மதில் எழுப்பி, ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்தோம். நான் இளையவளோடு இருக்கிறேன். வரிப்பத்தான்சேனை வயலில் உழைத்தது என் மனிசன். உழைப்பைக் கரையவிடாமல் இரண்டு வீடாக நிறுத்தியது நான். இதை யார் முன்னாலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

அப்படி வீடு பெற்ற என் பெண்கள் ஒரு மாங்கொப்புக்காகக் கதை பேச்சை விட்டார்கள்.

மரம் இளையவளின் பக்கம் நிற்கிறது. பெரிய கொப்பொன்று இந்த வீட்டுக் கூரைக்கு மேலால் மதிலைத் தாண்டி, மூத்தவளின் தகரக் குசினிக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தது. சருகு விழுந்து தன் கூரையில் மழைத்தண்ணி ஓடும் பீலி அடைக்கிறது என்று இளையவள் அந்தக் கொப்பை வெட்டுவித்தாள். மூத்தவள் கொழும்புக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு வார்த்தை கேட்காமல்.

வந்து பார்த்த மூத்தவள் கொதித்தாள். “என்ட குசினிக்கு இனி அடுப்புத் தேவல்ல உம்மா. அரிசியப் போட்டுட்டு நிண்டாச் சோறாகிரும். உங்கட சின்ன மகள்ட்டச் செல்லுங்க.”

சின்ன மகளிடம் போனால், “மரம் என்ட காணியில நிக்கிது. இவ்வளவு நாளும் நிழலுக்கு வாடகை கேட்டனா? அதையும் செல்லுங்க” என்றாள்.

நான் சொன்னேனா? அப்படியே சொல்வேனா? ஊதி ஆற்றித்தான் கொண்டுபோவேன். “ராத்தா உன்ன விசாரிச்சா” என்பேன். அவள் விசாரித்திருக்கவே மாட்டாள். நோன்பு வந்தது, பெருநாள் வந்தது. இரண்டு வீட்டு வட்டிலப்பமும் என் கையால்தான் மதிலைக் கடந்தன. வெளியில் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் நெஞ்சுக்குள் பயம். நான் மௌத்தாகிவிட்டால் இரண்டு வாசலுக்கும் இடையில் நடக்க ஆள் ஏது? என் மையித்தின் தலைமாட்டில் ஒருத்தி, கால்மாட்டில் ஒருத்தி, ஆளையாள் பார்க்காமல் குந்தியிருப்பார்களே என்று நினைத்தால் சோறு இறங்காது.

இளையவளின் மகள் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிறாள். மஃரிபு தொழுதுவிட்டுப் புத்தகத்தை எடுத்தால் வீடு முழுக்கக் கேட்கத்தான் படிப்பாள். அன்றைக்கு வெப்பத்தைப் பற்றிய பாடம்.

“ரெண்டு சாமான் தனித்தனியா மூணாவது சாமானோட ஒரே சூட்டுல இருந்தா, அந்த ரெண்டும் தங்களுக்குள்ளயும் ஒரே சூடுதான். இது பூச்சிய விதி உம்மம்மா.”

“பூச்சியத்துல ஒரு விதியா?”

“ஒண்டாம் விதி, ரெண்டாம் விதியெல்லாம் வந்த புறகுதான் இதுக்குப் பேர் வெச்ச. ஆனா இதுதான் அடிப்படை எண்டு முன்னுக்குப் போட்டுட்டாங்க.”

“பிந்திப் பிறந்தது முன்னுக்கு ஏறிக் குந்திக்கிட்டாக்கும். உன்ட உம்மாவப் போல.”

அவள் சிரித்த சிரிப்பில் புத்தகம் கீழே விழுந்தது. ஆனால் அந்த விதி எனக்குப் பிடித்துப்போனது. “அப்ப நான் உன்ட பெரியம்மாவோடயும் நல்லம், உம்மாவோடயும் நல்லம். அவளுகளும் தங்களுக்குள்ள நல்லமாத்தானே இரிக்கணும்? ஏன் இல்ல?” என்று கேட்டேன்.

“கோபிக்கப்படா உம்மம்மா. நீங்க எங்க ஒரே சூட்டுல இரிக்கீங்க? அங்க போனா அங்கத்த சூடு, இஞ்ச வந்தா இஞ்சத்த சூடு. அதோட, சூடான சாமானும் ஆறின சாமானும் தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் சூடு அங்கால இஞ்சால போய்ச் சமனாகும். நடுவுல சூட்டக் கடத்தாத ஒண்ட வெச்சா ரெண்டும் அப்பிடியே கிடக்கும். அதுக்குக் காவலி எண்டு பேர். சுடுதண்ணிப் போத்தல் இல்லையா, அதப் போல.”

“அப்ப நான் சுடுதண்ணிப் போத்தலா?”

“நான் பாடத்தத்தான் சென்ன.”

எனக்குக் கோபம் வந்தது. அவள் ஊற்றித் தந்த தேத்தண்ணியைத் தொடவில்லை. ஆனாலும் படுக்கையில் சாய்ந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். மூத்தவளின் கோபம் இளையவளைப் போய்த் தொட்டதே கிடையாது. இளையவளின் கோபம் மூத்தவளைத் தொட்டதும் இல்லை. இரண்டும் வந்து என்னிலேதான் முட்டி நின்றன. பிறகு எங்கே ஆறும்?

விடிந்ததும் மூத்தவள் வந்தாள். “உம்மா, அவள்ட மோட்டர்த் தண்ணி என்ட பக்கம் வருது. செல்லுங்க.”

“உனக்கு வாய் இரிக்கி. மதிலும் உசரமில்ல. நீயே செல்லு.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். இளையவள் ஓடி வந்து, “என்னவாம்?” என்றாள். “எனக்குத் தெரியா. போய்க் கேளு” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். காலைச் சாப்பாட்டுக்கு எழும்பினேன், மாத்திரையைப் போட்டேன், மறுபடியும் படுத்தேன். யாரோடும் கதைக்கவில்லை.

நடுப்பகல் லுஹர் கழிந்து, மதிலடியில் மூத்தவளின் குரல் கேட்டது. “இஞ்ச பாருகா, உம்மாக்கு என்ன நடந்த? பிரஷர்க் குளிச குடிச்சாவா?”

“குடிச்சிட்டா ராத்தா. விடிஞ்சதுல இருந்து ஒரு கதையுமில்ல. எனக்கும் பயமா இரிக்கி.”

உடனே மூத்தவள், “பயமுள்ள ஆள்தான் கேக்காமக் கொப்ப வெட்டின?” என்றாள்.

அவ்வளவுதான். மதில் பிளந்துவிடும் போல இருந்தது. கொப்பு வந்தது, மோட்டர்த் தண்ணி வந்தது, சின்ன வயதில் யாரோ யாருடையதையோ கிழித்த பெருநாள் சட்டையும் வந்தது. ஓடிப்போய் நடுவில் நிற்க வேண்டும் என்று உடம்பு துடித்தது. கால்களை நிலத்தில் ஊன்றியும் விட்டேன். பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டேன்.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னபோது சத்தம் தணிந்தது. ஒருத்தி அழுதாள். என் வயிற்றில் பிறந்த இருவரில் எவள் என்று என்னாலேயே பிரித்தறிய முடியவில்லை.

“குசினி அவ்வளவு வெக்கையா ராத்தா?”

“வந்து பாரு.”

மூத்தவளின் கேற் திறந்து மூடிய சத்தம் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ். அன்றைக்குத் தூங்கியது போல் நான் எத்தனையோ காலமாகத் தூங்கியிருக்கவில்லை.

போன சூடு தானாகத் திரும்பி வராது, அதற்கும் ஒரு விதி இருக்கிறது என்கிறாள் பேத்தி. உண்மைதான். வெட்டிய கொப்பு வெட்டியதுதான். மதிலடியில் சொன்ன சில வார்த்தைகளும் அப்படியே. முன்னைப்போல் விழுந்து விழுந்து கதைக்கிறார்கள் என்று பொய் எழுத மாட்டேன். வெதுவெதுப்பாக இருக்கிறார்கள். இந்த வயதில் என் உடம்புக்கும் வெதுவெதுப்பான தண்ணிதான் பிடிக்கிறது. வெயில் ஏறினால் மூத்தவள் சட்டியும் மீனுமாக இந்த வீட்டுக் குசினிக்கு வந்துவிடுகிறாள். இருவரும் சேர்ந்துகொண்டு, “வயசு போக உம்மாக்கு வீம்பு கூடிட்டு” என்று என்னைக் குறை சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இஞ்ச உம்மம்மாக்கிட்ட வா மகள். எழுத்துக் கூட்டி எழுதியிரிக்கன், எல்லாம் சரியா எண்டு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. பாடம் படிக்கிற மாதிரிக் கத்தாம மெல்ல வாசி. ரெண்டு பேரும் உள்ளுக்க மீன் வெட்டுறாங்க, அவங்கட கதைய முறிச்சிராத.