ஒற்றைக் கிணற்று வீடு

மாலை நாலு இருபதுக்கு என் குரல் நின்றது. பிப்ரவரி மாதம். அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டின் முன்னறை. எதிரே ரயில்வேயில் வேலை பார்ப்பவர் ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி பேசுவது என் பழக்கம். அதனால்தான் அந்த நேரம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். தாம்பரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பல வருடங்களாக ஒரே பேச்சைத்தான் பேசிவந்தேன். "உங்க வீட்ல கிணறு இருக்கு சார். அப்புறம் ஏன் போர் போட்டீங்க? போர் போட்ட பிறகும் மே மாசம் ஏன் லாரித் தண்ணிக்குச் சொல்றீங்க? தண்ணிக்கே மூணு வழி வேணும்னா, குடும்பத்துக்கு உங்க சம்பளம் ஒண்ணு மட்டும் போதுமா?" இந்தப் பக்கத்தில் இதற்குத் தலையாட்டாதவர் கிடையாது. வாளி வற்றிய கிணற்றின் தரையில் இடிக்கும் சத்தத்தைக் கோடைதோறும் கேட்டவர்கள்.

அன்றைக்கும் லாரி வரை வந்துவிட்டேன். அடுத்த சொல் வரவில்லை. வாய் அசைந்தது, காற்று மட்டும் போனது. ஏதோ அழுத்தம் கொடுப்பதற்காக நிறுத்துகிறேன் என்று நினைத்து இருவரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். பிறகு அந்த அம்மா சீரகத் தண்ணீர் கொண்டுவந்தார். "மெதுவா சொல்லுங்க சார், அவசரமில்ல," என்றார் கணவர். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து மொபெட்டை மிதித்துக் கிளப்பினேன். வெயில் சாய்ந்திருந்தது. தெரு முழுக்க மஞ்சள். எனக்கு என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவும் முடியாது என்பது ராஜகீழ்ப்பாக்கம் தாண்டும்போதுதான் உறைத்தது.

தொண்டை டாக்டர் சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல் வரும் இடத்தில் முடிச்சு போல வீங்கியிருக்கிறது என்றார். "ரெண்டு மாசத்துக்கு ஒரு வார்த்தை கூடாது. குசுகுசுன்னு பேசறது இன்னும் மோசம்."

"அப்புறம் சரியாயிடுமா டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள்.

"குரல் வரும்மா. எப்படி வரும்னு இப்போ சொல்ல முடியாது."

எங்கள் தொழிலுக்கு மார்ச்தான் அறுவடை. வருமான வரியை மிச்சம் பிடிக்க மாதச் சம்பளக்காரர்கள் அப்போதுதான் பாலிசி எடுப்பார்கள். புது பாலிசிக்கு முதல் வருடம் நல்ல கமிஷன். பிறகு சொட்டுச் சொட்டாய். பேச்சு நின்றால் புது பாலிசியும் நிற்கும். எங்கள் ஒரே மகள் அப்போது பிளஸ் டூ. ஜூனில் அவளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். அந்த மார்ச்சை நம்பித்தான் அந்த ஜூன் இருந்தது.

பேசாத நாட்கள் விசித்திரமானவை. கிணற்றுக்குள் இறங்கி நின்று, மேலே நடப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல. மின்சார ரயில் தாம்பரத்துக்குள் நுழையும் ஓசை எங்கள் வீடு வரை வரும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. மகள் முணுமுணுத்துப் படிப்பதும், மனைவி அரிசி களைவதும், அடுத்த வீட்டுத் துணிகள் காற்றில் அடித்துக்கொள்வதும் ஒன்றோடொன்று கலந்து மெல்ல மிதந்துவந்தன. தூக்கத்தில் மட்டும் நன்றாகப் பேசினேன். பள்ளிக்கரணை சதுப்பு நீரில் நின்ற கொக்குகளுக்கு பாலிசி விளக்கினேன். ஒற்றைக் காலில் நின்றபடி அவை கவனமாகக் கேட்டன. பேச்சு லாரித் தண்ணீருக்கு வந்ததும், ஒரு கொக்கு மட்டும் யோசித்து மறு காலையும் மெல்ல ஊன்றியது. விழித்தால் வாய் உலர்ந்திருக்கும்.

என்னோடு ஏஜென்ட்டாகச் சேர்ந்த குரோம்பேட்டை நண்பன் பார்க்க வந்தான். உரத்த குரல்காரன். "இன்னா மச்சான், ரேடியோ ரிப்பேரா? ஊருக்கெல்லாம் பாலிசி போட்ட, உன் வாய்க்கு ஒண்ணு போட்டியா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன், சத்தமில்லாமல். அதற்கு மேல் அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. காபி ஆறும்வரை என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனான்.

அன்று சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "எல்லாருக்கும் கிணறு, போர், லாரின்னு மூணு சொல்வீங்களே. நம்ம வீட்ல என்ன இருக்கு? ஒரே ஒரு தொண்டை."

மகள் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தபால் நிலைய மாதச் சேமிப்புக்குப் பெண்களை ஏஜென்ட்டாகச் சேர்க்கிறார்களாம். வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கி அங்கே கட்ட வேண்டும். "கமிஷன் சின்னதுதான். ஆனா மாசாமாசம் வரும்," என்றாள் மனைவி.

'உனக்கு ஜனங்களோட பேச வராதே' என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன்.

"உங்களுக்குப் பேச வந்துதே, என்ன ஆச்சு?"

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தபால் நிலைய அனுமதி கிடைத்ததும் அவளைப் பின்னால் உட்காரவைத்து மொபெட்டில் கிளம்பினேன். காலைப் பனியில் பள்ளிக்கரணை சாலை பாதிதான் தெரியும், மீதி வெள்ளை. கடற்கரைக் குப்பத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா அங்கே பஸ்ஸை விட்டு இறங்குவாள். என்னைப் பல வருடமாகத் தெரிந்தவள்.

"இன்னா சார், லொடலொடன்னு பேசிகினே இருப்ப. இப்போ இன்னா கம்முனு கீற? எம்மேல கோவமா?"

"தொண்டைக்கு ரெஸ்ட்டும்மா," என்றாள் மனைவி.

"நல்லதாப் போச்சு. நீ சொல்லு தாயி, சுருக்கா. மீனு கெட்டுடும்."

மனைவி இரண்டே வாக்கியத்தில் முடித்தாள். மீன்காரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். என் கிணற்றுக் கதை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

மார்ச் என்னைத் தொடாமல் போயிற்று. "கை நல்லாத்தானே இருக்குப்பா?" என்று ஒரு நாள் மகள்தான் கேட்டாள். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு வருமான வரிப் படிவம் நிரப்பத் தெரியாது, எனக்குத் தெரியும். அஸ்தினாபுரத்து ரயில்வேக்காரர் முதலில் வந்தார். பிறகு தன் ஆபீஸ்காரர்களை அனுப்பினார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினேன். ஒரு வார்த்தை செலவில்லை.

மகள் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த சில நாட்களில் டாக்டர் பேச அனுமதித்தார். முதல் சொல்லை அவளுக்காக வைத்திருந்தேன். "சாப்டியா?" என்றேன். யாரோ பக்கத்து அறையிலிருந்து கேட்டது போல இருந்தது. மெலிந்த, கிழிந்த குரல். நாளுக்குக் கொஞ்சம்தான் பேசலாம் என்றார் டாக்டர். பழைய குரல் இன்றுவரை வரவில்லை.

அந்தக் குரலோடுதான் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் மற்ற ஏஜென்ட்டுகளிடம் சொன்னேன். ஒரே கமிஷனை நம்பாதீர்கள். காலில் அடிபட்டாலும், காய்ச்சலில் படுத்தாலும் நம் தொழில் அன்றே படுத்துவிடும். பிறருக்கு மாற்று வழி சொல்கிற நமக்கே ஒன்று கிடையாது. குடும்பத்தோடு உட்கார்ந்து இரண்டாவது வழி ஒன்றைத் திறந்து வையுங்கள், உடம்பு நன்றாக இருக்கும்போதே.

பெருஞ்சிரிப்பு எழுந்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவன் குரோம்பேட்டை நண்பன்தான். "ஏஜென்ட்டுக்கே அட்வைஸா! நாளைக்கு பீச்சுல சுண்டல் விக்கச் சொல்லுவான்யா இவன்!" பதில் சொல்லக் குரலைச் செலவழிக்க மனமில்லை. அதன்பின் அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மகளின் முதல் வருடக் கட்டணத்துக்கு மனைவியின் கமிஷன் கொஞ்சம், படிவங்கள் எழுதியது கொஞ்சம், பழைய பாலிசிகளின் சொட்டு கொஞ்சம். நூலிழையில் தேறியது. அவள் கல்லூரி பஸ்ஸில் ஏறிக் கையசைத்தபோது நானும் கையசைத்தேன். பயம் மட்டும் முழுதாக விட்டுப்போகவில்லை. இன்றும் விழித்ததும், எழுவதற்கு முன், மெதுவாக "சாப்டியா" என்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். வந்தால்தான் காலைக் கீழே வைப்பேன்.

அவள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. குரோம்பேட்டை நண்பன். பின்னால் அவன் மனைவி. அவர் எங்கள் வீட்டுக்கு அதுவரை வந்ததே இல்லை. அவன் வழக்கம்போல வாசலிலிருந்தே கத்தவில்லை. உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"சிஸ்டர், இவளையும் ஒரு மாசம் உங்களோட கூட்டிட்டுப் போறீங்களா? கத்துக்கட்டும்," என்றான் என் மனைவியிடம்.

"என்னாச்சு மச்சான்?" என்று கேட்டேன்.

அவன் மனைவி அவனைப் பார்த்தார். அவன் தன் கழுத்தை மெல்லத் தொட்டுக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல மச்சான். டாக்டர்கூட நல்லாத்தான் கீதுன்னுட்டாரு. காலைல எழுந்தா லேசா கரகரங்குது. அவ்ளோதான்."