தோட்டா நிரப்பும் ஞாயிறு

எங்கள் சாப்பாட்டு மேசையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி வராது. செம்புக் குண்டுகள்தான் வரும். விரல் தடிமன், துலக்கிய குத்துவிளக்கு மாதிரிப் பளபளப்பு. மாமனார் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா விட்டுப்போன பெரிய ரைஃபிளுக்குக் கடையில் தோட்டா கிடைப்பதில்லை என்று, அனுமதி வாங்கி, பட்டறையில் குண்டு கடையக் கொடுத்து, வீட்டிலேயே நிரப்புவார். வேட்டையெல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டது. சந்தாபுராவுக்கு அப்பால் ஒரு சுடுதளத்தில் பலகையைச் சுடுவதோடு சரி.

தோட்டாவின் பித்தளைக் கூட்டில் அவர் வெடிமருந்து கொட்டும்போது யாரும் பேசக்கூடாது. கொட்டினோமா இல்லையா என்று மறந்தால் உயிருக்கே உலை என்பார். ரேடியோ கிடையாது, குக்கர் கிடையாது. எனக்கா, வாயை மூடினால் உடம்பெல்லாம் அரிக்கும்! பாத்ரூமுக்குள் போய் எனக்கு நானே பேசிவிட்டு வருவேன். மாமியார் மட்டும் மூச்சுவிடாமல் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். இன்று என் வீட்டில் ஆளுக்கொரு செல்போன் அலறும்போது அந்த அமைதியை நினைத்தால் ஏக்கமெல்லாம் வரவில்லை, படபடப்புதான் வருகிறது.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிறு, அவர் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. நாத்தனாருக்குச் சென்னையில் பிரசவ நேரம். மாமனாரே ஓடி எடுத்தார். பெண் குழந்தை! சிரித்தபடி திரும்பி வந்தவர், பாதியில் விட்டுப்போன கூட்டை எடுத்து, அதில் குண்டை வைத்து அழுத்தினார். மாமியார் நிமிர்ந்து எதையோ சொல்லப் போனார். மாமனார் கையை உயர்த்தினார். அத்தை வாயை மூடிக்கொண்டார்.

அந்தச் சந்தோஷத்தில் மத்தியானமே மாமியாரையும் என்னையும் சுடுதளத்துக்கு அழைத்துப்போனார். வழியெல்லாம் மாமியார் முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். "என்ன அத்தே?" என்றால், "ஒண்ணுமில்லடி."

முதல் தோட்டாக்கள் காது கிழிய வெடித்தன. அப்புறம் ஒன்று, அப்பளம் நொறுங்கினாற்போல் 'டப்' என்றது. காதில் பஞ்சோடு நின்ற மாமனார் சலித்துக்கொண்டே கூட்டை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்றினார்.

"பேடா! பேடா!" பதறினால் மாமியாருக்கு 'வேண்டாம்'கூடக் கன்னடத்தில்தான் வரும். ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துவிட்டார். "சுடாதீங்க! போனுக்கு எழுந்து போனீங்கல்ல, அந்தக் கூட்டுல மருந்தே போடல நீங்க!"

"சுடற எடத்துல வந்து கத்தறியே, புத்தி இருக்கா?" என்று சீறியவர், தோட்டாவை இறக்கிவிட்டுக் குழாயின் முனையில் கம்பியை விட்டார். அது பாதியைத் தாண்டி முட்டி நின்றது. கூட்டின் அடியில் இருக்கும் கேப் மட்டும் வெடித்துத் தள்ளியதில், அந்தச் செம்புக் குண்டு வெளியே போகாமல் உள்ளேயே சிக்கியிருந்தது. இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழாய் வெடித்து அவர் முகமே மிஞ்சியிருக்காது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மேசைக்கு வந்ததும், எதிர் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"இங்க வந்து உக்காரு. நான் ஏதாவது தப்பு பண்ணா அப்பப்ப சொல்லு."

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவரை நன்றாக ஒருமுறை பார்த்தார்.

"சொல்றேன். நம்ம கல்யாணத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?"

மாமனார் மருந்து டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். அன்று ஒரு தோட்டாவும் நிரம்பவில்லை.