பெரிய எழுத்தில் ஆறு பக்கங்கள்

படத்தை நிறுத்திவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, திரையின் அடியில் நிற்கும் ஆங்கில வரியை ஆனந்தராசா வாய்க்குள் ஒருமுறை வாசிப்பார். பிறகு உரக்க, தமிழில்: "இவன் கேக்கிறான், தேத்தண்ணிக்குச் சீனி போட்டனியோ, இல்லாட்டிச் சீனிப் பேணியைக் காட்டிப்போட்டு எடுத்தனியோ எண்டு." மறுபடி ஓடவிடுவார். அரை மணி நேரத் தொடர் அவர் வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஓடும். அருகில் கேட்க ஆளில்லாதபோதும் இப்படித்தான்.

அது ஸ்காட்லாந்துக்காரர்களின் சிரிப்புத் தொடர். ஒரு பழைய அடுக்குமாடியில் இரண்டு கிழவர்கள். திட்டிக்கொள்வார்கள், தேநீர் குடிப்பார்கள், வேறு பெரிதாக எதுவும் நடக்காது. பக்கத்து வீட்டில் இருக்கும் நான் ஒருநாள், இதில் என்ன கண்டீர்கள் என்று கேட்டேன்.

"இஞ்சை ஒராளின்ரை வீட்டை போறதெண்டால் மூண்டு நாளைக்கு முந்தி டெக்ஸ்ட் அனுப்ப வேணும். அங்கை பாருங்கோ, கதவைத் திறந்துகொண்டு உள்ளை வாறான். கேள்வியில்லை, பார்வையில்லை." கொஞ்சம் யோசித்து, இன்னொரு காரணமும் சொன்னார். "இருவது வருசமா நான் வாய் திறந்தால் 'சாரி?' எண்டு கேக்கிற சனம் இது. அந்தக் கிழவங்கள் கதைக்கிறதும் இவையளுக்கு விளங்காதாம். எனக்கு அது பெரிய ஆறுதல்."

ஊரில் நில அளவையாளர். இங்கே ஆக்லாந்தில், ஓய்வு பெறும்வரை தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தார். இப்போது எழுபத்தொரு வயது, சான்ட்ரிங்ஹாமில் இரண்டறை வீடு. மனைவி இராசமலர் அந்தத் தொடரை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மூன்று கோப்பை தேநீர் ஊற்றுவார். மூன்றாவது கோப்பை லெட்சுமணனுக்கு.

லெட்சுமணன் மலேசியாவின் ஈப்போக்காரர், ஓய்வுபெற்ற மருந்தாளர், துறைமுகப் பாலத்துக்கு அப்பால் கிளென்ஃபீல்டில் மகனோடு இருப்பவர். முதியோருக்கான இலவச அட்டையைக் காட்டி, இரண்டு பஸ் மாறி, மூன்று மணிக்கு வந்துவிடுவார். சர்க்கரை நோய் அவர் கண்களைப் பதம் பார்த்திருந்தது. எழுத்து பெரிதாக இருந்தால்தான் படிப்பார். அதனால்தான் ஆனந்தராசா வாசித்துச் சொல்லத் தொடங்கினார்.

இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. மற்ற நேரங்களில் 'வாங்க', 'சொல்லுங்கோ'. தொடர் ஓடும்போது மட்டும் அந்தக் கிழவர்களைப் போல நீ, வா, போ, வாய்க்கு வந்த வசவு. கதவைத் தட்டாமல் உள்ளே வரும் லெட்சுமணன், "என்னடா கிழவா, இன்னும் போய்ச் சேரலியா லா?" என்பார், மலேசியப் பேச்சின் அந்த 'லா'வோடு. "உன்னை அனுப்பிப்போட்டுத்தான்டா போவன்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அறுபது வயதுக்குப் பிறகு யாருக்குத்தான் புதிதாக ஒரு 'டேய்' கிடைக்கிறது?

சில மாதங்களுக்கு முன் லெட்சுமணனுக்கு எழுபது நிறைந்தது. மகன் மகேசன் மண்டபம் பிடித்துக் கொண்டாடினான். முன்வரிசையில் சம்பந்தி வீட்டார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஆனந்தராசாவின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "டேய் குருட்டுக் கிழவா, எழுவதாச்சு. இன்னும் போய்ச் சேரேல்லையோ?"

நல்ல நாளில், நாலு பேர் முன்னால். மண்டபத்தில் சிரித்த ஒரே ஆள் நான்தான். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். மகேசன் எழுந்துவந்து, "தேங்க் யூ அங்கிள்" என்று மைக்கை வாங்கிக்கொண்டான். லெட்சுமணன் தன் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளி மூன்றாவது கோப்பை ஆறிப்போனது. ஆனந்தராசா போன் செய்தபோது, "பஸ்ல வர கண்ணு ஒத்துழைக்கல சார்" என்றார் லெட்சுமணன். வராதது கூடப் பரவாயில்லை, அந்தச் 'சார்'தான் ஆனந்தராசாவைத் தின்கிறது. "நாலு வருசத்திலை ஒருக்காலும் என்னைச் சார் எண்டதில்லை. என்ரை வாயாலை நானே கெடுத்தன்" என்று என்னிடம் பலமுறை சொல்லிவிட்டார்.

தொடரின் கடைசி டிவிடியை அப்போதே நூலகத்தில் எடுத்திருந்தார். அதைப் பார்க்கவில்லை. "அவரில்லாமல் பாத்தால் களவு." பார்த்த பழையவற்றையே போட்டு, யாருமில்லாத அறைக்கு வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி டிவிடியைத் தவணை முடிய முடியப் புதுப்பித்தார். போன வாரம் நூலகப் பெண் முடியாது என்றுவிட்டாள். கிளென்ஃபீல்ட் கிளையில் ஒருவர் அதைக் கேட்டுப் பதிந்திருக்கிறாராம்.

"வேறை ஆர் கேக்கிறது? அவர்தான்" என்றார் ஆனந்தராசா. "ஆனா ஆர் அவருக்கு வாசிச்சுச் சொல்லுறது? பேரப்பிள்ளையளுக்குத் தமிழ் வராது."

இரண்டு நாள் உட்கார்ந்து, அந்தக் கடைசி டிவிடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சிரிப்பு வரும் வசனங்களை மட்டும் தடித்த கறுப்புப் பேனாவால் தமிழில் எழுதினார். ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான், அவ்வளவு பெரிய எழுத்து. முதல் கதைக்கே ஆறு பக்கம் வந்தது. "எழுதி முடியுமட்டும் இந்தாள் ஒருக்காலும் சிரிக்கேல்லை" என்றார் இராசமலர். முதல் பக்கத்தின் தலையில் 'ஐயா' என்று எழுதி வெட்டியிருந்தது. பக்கத்தில் 'டேய் கிழவா', அதுவும் வெட்டியிருந்தது.

பாலம் தாண்டினால் இருபது நிமிடம், நானே காரில் கூட்டிப்போகிறேன் என்றேன். "வா எண்டு சொல்லாத வீட்டுக்கு எப்பிடிப் போறது?" என்றார். கதவைத் தட்டாமல் உள்ளே போகிறவர்களை நாலு வருடம் ரசித்தவர் அவர். வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நூலகத்து வாசலில் டிவிடிப் பெட்டியைத் திறந்து, ஆறு பக்கங்களையும் மடித்து வைத்தார். மூடி மூடவில்லை. இன்னும் சிறிதாக மடித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். பிறகு காகிதங்களை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பெட்டியை, எடுத்தவற்றைத் திருப்பிப் போடும் சுவர்த் துவாரத்துக்குள் நுழைத்தார். அது உள்ளே விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கையை வெளியே எடுக்கவில்லை. பின்னால் புத்தகங்களோடு ஒரு பெண்மணி வந்து காத்து நிற்கும்வரை, மணிக்கட்டுவரை உள்ளே விட்டபடியே நின்றிருந்தார்.