களிமண் கிலுகிலுப்பை

சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட் சர்ச்சில் என் மகளுக்கு சண்டே ஸ்கூல் எடுத்த டீச்சர் ஒல்லியானவர். பேசும்போது கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருப்பார். பழங்கால இஸ்ரவேல் பிள்ளைகளின் பொம்மைகளைப் போலக் களிமண்ணில் செய்து வரச் சொல்லியிருந்தார்.

தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுச் சிறுமி ஒருத்தி உள்ளே கல் போட்டு கிலுகிலுப்பை செய்திருந்தாள். "ஆஸ்பத்திரில இருக்கற தம்பிப் பாப்பாவுக்குங்க டீச்சர்."

டீச்சர் காதருகே ஆட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கு. அந்தக் காலத்துல செத்த குழந்தைகளோட இதையும் வெச்சுப் புதைப்பாங்க. பத்திரமா வெச்சுக்க, தேவைப்படும்."

சிறுமி அழவில்லை. மகளுக்காக நான் காத்திருந்த வாசலுக்கு வந்து அதைப் படியில் அடித்து உடைத்தாள். "இனித் தேவைப்படாதுல்லீங்க அக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

உள்ளே டீச்சர் என் மகளின் மண்குதிரையை வாய் நிறையப் பாராட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் இருந்த அன்பு பொய்யில்லை என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.