உளுந்துக்கு ஒரு பஸ்

சாலையில் இறங்குவதற்கு முன் ஞானமேரி வலது கால் செருப்பைக் கழற்றுவாள். வெறும் குதிகாலைத் தாரில் ஊன்றி எண்ணுவாள். மூன்று வரை கால் பொறுத்தால் வெயில் போதாது. இரண்டிலேயே துள்ளினால் உளுந்துச் செடியைக் கொண்டுவந்து கொட்டலாம்.

திண்டிவனத்தில் கிளம்பி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளையும் சவுக்குத் தோப்புகளையும் தாண்டி மரக்காணம் உப்பளத்துக்குப் போகிற அந்தச் சாலைதான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவளுக்குக் களம். பரப்பிவிட்டு ஓரமாக நின்றால் போதும்; லாரியும் பஸ்ஸும் ஏறி ஏறி நெற்றை உடைத்துக் கொடுத்துவிடும். மினி பஸ் டிரைவர் சுகுமார் மட்டும் நிறுத்தித் திட்டிவிட்டுத்தான் போவான். கொடி ஆக்சிலில் சுற்றிக்கொள்கிறதாம். வடை தின்னும்போது மட்டும் உளுந்து இனிக்கிறதா என்று இவளும் விடமாட்டாள்.

இந்தப் பங்குனியில் ஒரு சனிக்கிழமை சாலை காலியாகக் கிடந்தது. கேட்க ஆளில்லை என்ற குஷியில், ஒரு ஏக்கர் உளுந்தையும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் பரப்பினாள். உச்சிப்பொழுதில்தான் உறைத்தது. கிழக்கே சிறுபாலத்தை இடித்துப் போட்டிருந்தார்கள்; வண்டிகளெல்லாம் கூட்டுரோட்டிலேயே வேறு வழியில் திரும்பிக்கொண்டிருந்தன. ஒரு நெற்றுகூட உடையவில்லை. மேற்கே மேகம் கறுத்தது. நனைந்தால் இரண்டே நாளில் முளை கட்டிவிடும். வருஷத்துப் பாடு அதோடு சரி.

மகள் டயானாவைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கூட்டுரோட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். டீ குடித்துக்கொண்டிருந்த சுகுமார், விஷயத்தைக் கேட்டதும் கிளாஸைக் கீழே வைத்தான்.

"நாலு வருஷமா வாணாம் வாணாம்னு கத்திக்கினு இருக்கேன். இப்ப நானே வந்து ஏத்தணுமாக்கா?"

"திட்டிக்கினே வா தம்பி. வராம மட்டும் இருந்துடாத."

அடுத்த நடைக்கு அரை மணி இருந்தது. காலி பஸ்ஸை முன்னும் பின்னுமாகப் பதினோரு தடவை ஓட்டினான். ஒவ்வொரு தடவையும் ஜன்னலில் தலையை நீட்டித் திட்டினான். தாயும் மகளும் சிரித்துக்கொண்டே செடியைப் புரட்டிப் போட்டார்கள். முதல் தூறல் விழுந்தபோது உளுந்து தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது.

அடுத்த வாரம் கண்டக்டர் வளன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. உளுந்தில் பஸ் ஏற்றியதற்கு மறுநாள் காலை சுகுமாரின் தங்கை ஷாலினிக்கு நிச்சயதார்த்தம். அண்ணன்காரன் அரிவாளோடு பஸ்ஸுக்கு அடியில் படுத்து, ஆக்சிலில் சுற்றிய கொடியை அறுத்துவிட்டு, தட்டு மாற்றும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தானாம். போட்டோவில் அவன் தலைமுடியில் ஓர் உளுந்து நெற்று தெரிகிறதாம்.