விடாமல் துரத்திய வேன்

மலாய் நாடு சுதந்திரம் அடைந்த மறுவருடம், நானும் என் கணவரும் அவருடைய பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் காரில் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு ஊர் ஊராகத் தங்கிப் போய்க்கொண்டிருந்தோம். மலாக்காவில், காஜா பேராங் சாலையோரம் இளநீர் குடித்தபோது, ஒரு வேன்காரர் எங்கள் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நெற்றியில் திருநீறு, பேச்சோ முழுக்க மலாய். எங்கே போகிறீர்கள், இரண்டு பேர் மட்டும்தானா என்று விசாரித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

காற்றில் பறக்காதபடி முந்தானையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். கொஞ்ச நேரத்தில் அந்த வேன் ஹார்ன் அடித்தபடி பின்னால் வந்தது.

"ஏங்க, அந்த ஆளுதான். விடாம வர்றான்."

"திரும்பிப் பார்க்காதே," என்று கணவர் வேகத்தைக் கூட்டினார். நான் தாலியை ரவிக்கைக்குள் மறைத்தேன்.

உஜோங் பாசிர் பக்கம் வேன் முந்திவந்து குறுக்கே நின்றது. வேன்காரர் இறங்கி ஓடிவந்தார்.

"காயின்! காயின்!"

மலாயில் துணி என்று அர்த்தம். குனிந்து பார்த்தேன். முந்தானையின் நுனி கதவுக்கு வெளியே தொங்கி, பின்சக்கரக் கம்பிகளில் உரசி நார்நாராகக் கிழிந்திருந்தது. என் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

கணவர் அந்த மனிதரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவர் சக்கரத்தையும் என் கழுத்தையும் மாறி மாறிக் காட்டினார். நாங்கள் அவருக்குப் பயந்து ஓடினோம். அவர் எனக்காகப் பயந்து ஓடிவந்திருக்கிறார்.