பென்சிலில் ஒரு பெயர்

கனடாவில், மொன்றியல் நூலகம் ஒன்றின் மைக்ரோபிலிம் பிரிவில் நான் பகுதிநேர வேலை பார்த்தேன். இலங்கையில் போர் முடிந்த அந்த இலையுதிர்காலத்தில், சனிக்கிழமைதோறும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வருவார். குளிர்கோட்டைக் கழற்றவே மாட்டார். டச்சுக்காரரான ஒல்லாந்தர் காலத்தில் காணிகளையும் குடும்பங்களையும் பதிந்துவைத்த தோம்பேடுகளின் சுருளை ஓட்டி, பெயர்களை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பார். கண்டுபிடித்த மூதாதையரைப் பெரிய தாளில் வம்சாவளியாக எழுதுவார். இறந்தவர்களுக்குப் பேனா, இருப்பவர்களுக்குப் பென்சில்.

ஒருநாள் தாளை விரித்துக் காட்டினார். மேலே எல்லோரும் நீல மையில் இருந்தார்கள். அடியில் அவர், மனைவி, மகன் மூவரும் பென்சிலில். மகன் பெயர் மட்டும் தாள் கிழியுமளவுக்கு அழுத்தி எழுதப்பட்டிருந்தது.

வாய் சும்மா இராமல் கேட்டேன்: "உங்க பையன் இப்ப எங்க இருக்காரு, சார்?"

"தெரியாது தம்பி. கடைசிச் சண்டைக்குள்ளை அம்பிட்டவன். செத்திட்டானெண்டும் ஒருதரும் எழுதித் தரேல்லை." பென்சிலை எடுத்து அந்தப் பெயரின் மேலேயே மறுபடி எழுதினார். "ஒல்லாந்தன் எங்கடை ஆக்களின்ரை தென்னையளைக்கூட எழுதி வைச்சிட்டுப் போயிருக்கிறான்."

அதன்பிறகு சனிக்கிழமைகளில், அவர் வருவதற்கு முன்பே மேசையில் கிடக்கும் பேனாவை எடுத்து ஒளித்துவிட்டு, ஒரு பென்சிலைச் சீவி வைப்பேன்.